நிரலாக்கம் கலையாகுமா? கனூத்தின் கருத்தும் நன்னூலின் நூலழகும்

ஆய்வுச்சுருக்கம்

கணினிக்கு நிரல் எழுதுவதைக் கலையாகக் கொள்ளலாமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. டொனால்டு கனூத் 1974-இல் அளித்த விளக்கமும் நன்னூல் கூறும் நூற்குற்றம், நூலழகு பற்றிய கருத்துகளும் இதற்கு அடிப்படையாகின்றன. நிரல் கணினிக்குரிய கட்டளை. மனிதர் வாசிக்கும் பனுவலும் ஆகும். இந்த இரண்டாம் நிலையிலேயே அது கலைத்தன்மை பெறுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நிரலாக்கம், கலை, கனூத், நன்னூல், நூலழகு, பனுவல்.

முன்னுரை

'கலை' என்னும் சொல் இருபொருளில் வழங்குகிறது. 64 கலைகள் என்னும் மரபு வழக்கில் இசை, கூத்து ஆகியவற்றோடு சமையல், தச்சு முதலிய தொழில்திறன்களும் அடங்கும். இவ்விரிந்த பொருளில் நிரலாக்கம் கலையே என்பதில் ஐயமில்லை. அழகுணர்வைத் தரும் படைப்பு என்னும் குறுகிய பொருளிலும் அது கலையாகுமா என்பதே ஆய்வுக்குரியது.

கனூத்தின் விளக்கம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் பேராசிரியரான கனூத், நிரலாக்கக் கலை பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதியை 1968-இல் வெளியிட்டார். 1974-இல் டூரிங் விருது பெற்றபோது, நூலின் தலைப்பில் 'கலை' என்னும் சொல்லைத் தாம் ஆண்டமைக்கான காரணத்தை உரையாக நிகழ்த்தினார். கணினிக்கே கற்பித்துவிடும் அளவுக்குத் தெளிவாக அறியப்பட்டது அறிவியல். அவ்வாறு விதிகளுள் அடங்காது எஞ்சுவது கலை என்பது அவர் கருத்து. நிரலுக்கு அழகு உண்டு என்றும் அவர் வாதிட்டார்.

இக்கருத்தை அவர் செயலிலும் காட்டினார். நிரலையும் அதன் விளக்கத்தையும் மனிதர் படித்துணரும் வரிசையில் ஒரே பனுவலாக எழுதும் முறையை 1984-இல் கட்டுரையாக வெளியிட்டார். அம்முறையில் எழுதிய 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் முழு நிரலும் 1986-இல் நூலாக அச்சேறியது.

நிரலின் இரு வாசகர்

இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் யூக்ளிடின் முறையைச் சான்றாகக் கொள்ளலாம். 1071, 462 ஆகிய எண்களுக்கு மூன்று வகுத்தல்களில் 21 என்னும் விடை கிடைக்கும். இம்முறையை நிரலாக்கும் ஒருவர் மாறிகளுக்கு அ, ஆ, இ எனப் பெயரிடலாம். மற்றொருவர் பெரியது, சிறியது, மீதி எனப் பெயரிடலாம். மூல நிரலை இயந்திர மொழியாக்கும் தொகுப்பான், இப்பெயர்களையும் விளக்கக் குறிப்புகளையும் பொதுவாக நீக்கிவிடும். எனவே கணினிக்கு இரண்டும் ஒன்றே. பின்னாளில் அந்நிரலைத் திருத்த வரும் மனிதருக்கோ இரண்டும் வேறுவேறு.

நன்னூல் வழி நோக்கு

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் தொகுத்துரைக்கிறார். இவை ஒரு பொருளைக் கற்பிக்கும் நூலுக்கு உரியவை. ஆகவே, பயன்கருதிய எழுத்துக்கும் அழகு உண்டு என்பது தமிழ் மரபுக்கு உடன்பாடானது.

இக்குற்றங்களை நிரலோடு பொருத்தினால் ஒரு வேறுபாடு புலனாகிறது. இலக்கணப் பிழையான வழூஉச்சொல் போன்றதைத் தொகுப்பானே ஏற்காது. குன்றக் கூறினால் நிரல் இயங்காது; அல்லது தவறான விடை தரும். ஆனால் மிகைபடக் கூறல், கூறியது கூறல், மயங்கவைத்தல் ஆகியவை இருப்பினும் நிரல் சரியான விடையைத் தரக்கூடும். இவற்றால் இடர்ப்படுபவர் மனித வாசகரே. முன்னவற்றைத் தவிர்ப்பது தேவை பற்றியது. பின்னவற்றைத் தவிர்ப்பது எழுதுபவரின் தேர்வு பற்றியது. கலை இத்தேர்வில் தொடங்குகிறது.

இப்பொருத்தத்திற்கு எல்லையும் உண்டு. நன்னூல் கூறும் ஓசையுடைமை என்னும் அழகு நிரலுக்குப் பொருந்துவது அரிது. சுருக்கம், தெளிவு, முறையின் வைப்பு ஆகியன நன்கு பொருந்துகின்றன.

மறுப்பும் விடையும்

பயன்பாட்டுப் பொருள் கலையாகாது என மறுக்கலாம். ஆயினும், 1790-இல் வெளியான தம் நூலில் பயன்நோக்கற்ற அழகை வலியுறுத்திய இம்மானுவேல் காண்ட், கட்டடம் போன்றவற்றில் நோக்கத்தைச் சார்ந்து அமையும் அழகையும் ஏற்றார். நிரலின் அழகு இவ்வகையினது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்பதனுள் அடக்குவதும் இங்கு நோக்கத்தக்கது. ஆனால் சட்டம் படைப்பின் தரத்தை அளவிடுவதில்லை. ஆதலின் அதனைக் கலைத்தன்மைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

முடிவுரை

உரைநடை அனைத்தும் இலக்கியம் ஆகாததுபோல், நிரல் அனைத்தும் கலை ஆகாது. சரியான விடை தருதல் நிரலின் கடமை. கடமை நிறைவேறிய பின்னும் வாசகரைக் கருதி மேற்கொள்ளப்படும் சொல்தேர்வும் வைப்புமுறையுமே அதனைக் கலையாக்குகின்றன. பிழைதிருத்தி, எழுத்துரு மாற்றி முதலிய தமிழ் மென்பொருள்களை அவை தரும் விளைவுகொண்டு மட்டும் மதிப்பிடாமல், அவற்றின் மூல நிரல்களையும் நூலழகு நோக்கில் வாசித்தல் தமிழாய்வுக்குப் புதிய களமாக அமையும்.