ஆப்பிள் வளையமும் ஒரு கைப்பிடி மைதாவும்

பழத்தை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டதும், மாவு ஒரு பக்கம் பழம் ஒரு பக்கமாகப் பிரிந்து போய்விடுகிறதே, ஏன் தெரியுமா? ஆப்பிளைப் பொரிக்கும் முறையைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

நெதர்லாந்தில் திருவிழாத் திடல்களிலும், புத்தாண்டு நெருங்கும்போது தெருவோரக் கடைகளிலும் ஆப்பிளைச் சுடச்சுடப் பொரித்து விற்பார்கள். தோல் சீவி, நடுவில் விதைப்பகுதியைக் குடைந்தெடுத்து, வட்ட வட்டமாக நறுக்கி, மாவில் தோய்த்து எண்ணெயில் விடுவார்கள். மேலே வெள்ளை வெளேரென்று பொடித்த சர்க்கரை. கடித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே புளிப்பும் இனிப்புமாகக் குழைந்த ஆப்பிள்!

இதை நம் வீட்டு வாணலியிலும் செய்யலாம். கவனிக்க வேண்டியது ஈரத்தைத்தான். நறுக்கிய பழத்தில் சாறு கசிந்துகொண்டே இருக்கும்; அதன்மேல் மாவு ஒட்டாமல் வழுக்கும். எண்ணெய்ச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி மாவைத் தள்ளிவிடும். அதனால் துண்டுகளைத் துணியால் ஒற்றியெடுத்து, முதலில் வெறும் மைதாவில் லேசாகப் புரட்டிக்கொள்ளுங்கள். அந்த மெல்லிய பூச்சு ஈரத்தை உறிஞ்சி, கரைத்த மாவை இறுகப் பிடித்துக்கொள்ளும். மாவு பஜ்ஜி மாவு பதத்தில் இருந்தால் போதும். தண்ணீருக்குப் பதிலாகக் குளிர்ந்த சோடா ஊற்றிக் கரைத்துப் பாருங்கள், மொறுமொறுப்பு இன்னும் தூக்கலாக இருக்கும். ஆப்பிளில் புளிப்பான பச்சை ரகம்தான் இதற்கு அருமை. வெந்தாலும் உடைந்துபோகாது.

பொரித்ததை மட்டும் மூடி வைத்துவிடாதீர்கள், நமுத்துப்போகும். பட்டைப்பொடி கலந்த சர்க்கரையைச் சூட்டோடு தூவி, பிள்ளைகளை உடனே கூப்பிட்டுவிடுங்கள்!