உஷார்! இரவு பத்து மணிக்கு வரும் ‘ரெண்டு நிமிஷ’ வேலை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதல் மாதத்திலேயே உஷாராகிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில், “அந்த ஷீட்டை மட்டும் அனுப்பிடுப்பா, ரெண்டு நிமிஷ வேலைதான்” என்று மெசேஜ் வரும். நல்ல பெயர் கிடைக்குமே என்று அனுப்புவீர்கள். அடுத்த வாரம் பதினொரு மணிக்கு வரும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. ஒருநாள் அசந்து தூங்கிவிட்டால், காலையில் எல்லார் முன்னாலும் “நைட்டு ஆளையே காணோமே?” என்பார்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இல்லாத விதி ஒன்று அதற்குள் உங்கள் தலைமேல் ஏறியிருக்கும்.

ஐ.டி.யில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். தனியார் வங்கிகளில் இரவில் டார்கெட் ரிவ்யூ கால் வருகிறது. தனியார் பள்ளி ஆசிரியைகள் அடுப்படியில் நின்றபடி பெற்றோர் குரூப்புக்குப் பதில் போடுகிறார்கள்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். நீண்ட நேர உழைப்பால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-ல் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள்.

55 மணி நேரமா, நாம் எங்கே அவ்வளவு செய்கிறோம் என்கிறீர்களா? ஆறு நாள், தினம் எட்டு மணி நேரம் என்றாலே 48. வீட்டுக்கு வந்த பிறகு போனில் தினமும் ஒன்றேகால் மணி நேரம் போனால் ஏழரை. கூட்டிப் பாருங்கள், தாண்டிவிட்டீர்கள்! வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் என்று தொழிலதிபர்கள் மேடையில் பேசும்போது இந்தக் கணக்கை மறக்காதீர்கள்.

பிரான்ஸில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளச் சட்டமே துணை நிற்கிறது. நம்மிடம் அப்படி இல்லை. ஆனாலும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆகவே அதிகாரம் எதுவும் தராமல், 24 வயதில் ‘மேனேஜர்’ என்ற பட்டத்தை மட்டும் நீட்டினால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. சொந்த போனில் ஆபீஸ் மெயிலை ஏற்றும்போது கேட்கிற அனுமதிகளைப் படிக்காமல் ‘ஓகே’ தட்டாதீர்கள். சில அமைப்புகளில், போனில் உள்ள எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே அழிக்கும் உரிமை கம்பெனிக்குப் போய்விடும். உங்கள் குழந்தையின் படங்களும் சேர்ந்து போகும்! ஆபீஸ் செயலிகளுக்கெனத் தனி ‘ஒர்க் புரொஃபைல்’ வைத்துத் தரச் சொல்லுங்கள்.

மேலதிகாரியோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. இரவு மெசேஜுக்கு இரவிலேயே பதில் போடாதீர்கள். காலையில் சீட்டில் உட்கார்ந்ததும், “சார், நைட்டு அனுப்பினதை இப்பதான் பார்த்தேன், பத்தரைக்குள்ள முடிச்சுத் தர்றேன்” என்று போட்டு, சொன்னபடி முடித்துக் கொடுங்கள். நிஜமாகவே அவசரம் என்றால் போன் செய்யச் சொல்லிவையுங்கள். எழுதுவதற்கு இருக்கும் துணிச்சல், நடு ராத்திரியில் கூப்பிடுவதற்குப் பலருக்கு வராது. எப்போது கூப்பிட்டார்கள், என்ன வேலை என்பதைத் தேதியோடு குறித்துவையுங்கள், ஹெச்.ஆரிடம் போக நேர்ந்தால் அந்தக் குறிப்பு பேசும்.

நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறதா? ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசைகிறதா? தள்ளிப்போடாதீர்கள். 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். நெஞ்சில் வலியே வந்துவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். லீவுக்கு மெயில் போட்டுவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள்!