குழந்தை வயிற்றில் பணியாத கிருமி
இரைப்பைப் புண்ணை விளைக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி பெரும்பாலும் பால்யத்திலேயே குடிபுகுவது. 1984-ம் வருஷத்தில் ஆஸ்திரேலிய வைத்தியர் பாரி மார்ஷல் அதைத் தாமே அருந்தி, இரைப்பை அழற்சியுற்று, தம் வழக்குக்குத் தாமே சாட்சியானார். இருமலுக்கும் சளிக்கும் ஒரே இன மருந்துகளை வாரியிறைத்ததன் பலனாக, அவ்வினத்தைச் சேர்ந்த கிளாரித்ரோமைஸினுக்கு முன்பு மடிந்த இக்கிருமி இன்று பல தேசங்களில் மடிவதில்லை. இதற்குப் புது மருந்து அவசரமென்று உலக சுகாதார ஸ்தாபனமே 2017-ல் அறிவித்தது. பெரியோருக்கு டெட்ராசைக்ளின் உண்டு; 8 வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ அது பல்லைக் கறைப்படுத்துமாதலால் ஆகாது. மார்க்கம் இவ்வளவு குறுகியிருக்க, ஊகத்தின்மேல் மருந்தெழுதுவது விசாரணையின்றித் தீர்ப்பளிப்பதேயன்றி வேறென்ன? இரைப்பையினின்று சிறு துணுக்கெடுத்து, கிருமியை வளர்த்து, எம்மருந்துக்கு அது மடியுமென்று சோதித்த பின்னரே வைத்தியர் எழுதவேண்டும். பெற்றோரும் 14 நாளும் தவறாது மருந்தூட்டவேண்டும். அது முடிந்து 4 வாரமேனும் கழித்துச் சுவாசப் பரிசோதனை அவசியம். வயிற்றுவலி நின்றது சாட்சியமாகாது.