நூறு இலைக்கு ஒரு தித்திப்பு

பத்துப் பேருக்குப் பாயசம் வைக்கத் தெரிந்தால் நூறு பேருக்கும் வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு வருகிறது, பாயசம் வருவதில்லை!

மீஞ்சூரில் என் தங்கை மகளின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். மாப்பிள்ளையின் உறவினர்கள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இருப்பவர்கள்.

"நூறு இலை என்று வைத்துக்கொள்ளலாமா, பெரியம்மா?" என்று கேட்டாள் பெண்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் ஆயா சிரித்துவிட்டார். "குப்பத்துல ஒரு வீட்டைக் கூப்பிட்டா நாலு வீடு வரும். வலைக்குப் போனவங்க கரையேறித்தான் வருவாங்க. எத்தினி பேர், எத்தினி மணின்னு கேக்காதம்மா!"

பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவள் மனத்தில் இருந்தவை ஜிலேபியும் பால் பாயசமும். புது வீட்டில் முதல் விசேஷம். தித்திப்பு போதவில்லை என்றால் பேச்சு யார் தலையில் விழும்?

ஜிலேபி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைச் சுடச்சுடப் போட வேண்டும். ஒருத்தி அன்று முழுவதும் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது. பால் பாயசத்துக்குப் பால் சுண்டும் வரை நிற்க வேண்டும். சற்றுத் திரும்பினால் அடிபிடிக்கும். வீட்டுப் பெண்களே சமைக்கும் பெரிய கூட்டத்துக்குக் கேசரியும் சேமியாப் பாயசமும்தான் கைகொடுக்கும்.

நூறு இலைக் கேசரிக்கு ஒன்றரைக் கிலோ ரவை, மூன்று கிலோ சர்க்கரை, ஒரு கிலோ நெய். ரவையை முதல் நாளே வறுத்து வைத்துவிடலாம். ரவையை எந்தப் பாத்திரத்தால் அளந்தீர்களோ, அதே பாத்திரத்தால் மூன்று பங்கு தண்ணீர். ரவை நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் ரவை விறைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை கிளறினாலும் வேகாது. ஒரே அண்டாவில் கிளறாமல் இரண்டு தடவையாகக் கிளறுங்கள். கட்டி தட்டாது, தோளும் தப்பும்!

பாயசத்துக்கு எட்டு லிட்டர் பால், மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ வறுத்த சேமியா, இரண்டு கிலோ சர்க்கரை. இது நிற்க நிற்க இறுகும். குறை என்பார்கள், கணக்குத் தெரியாத கூட்டத்துக்கு இதுவே வரப்பிரசாதம். இரண்டு மூன்று லிட்டர் பாலைக் காய்ச்சித் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்திக்கும் கொஞ்சம் விட்டு இளக்கி, சர்க்கரையைச் சரிபார்த்தால் போதும். வெல்லம் போடுகிறவர்கள் மட்டும் பாகை வடிகட்டி ஆறவைத்து, இறக்கிய பாயசத்தின் சூடு தணிந்த பிறகு கலக்கவும். கொதிக்கும்போது விட்டால் பால் திரிந்துவிடும்.

இத்தனை சாமர்த்தியமும் பேசிவிட்டு, கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவரச் சொன்னேன். ஆயா என் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். ஒரே கரிப்பு!

நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் உள்ளே புகுந்தது 1960-களிலேயே கண்டறியப்பட்ட விஷயம். அருகே காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்ப, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரக்கூடிய ஆலையை 2010-ல் திறந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அடுக்களையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லையே! அந்தத் தண்ணீரை விட்டிருந்தால் எட்டு லிட்டர் பாலும் பாழ். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய தண்ணீரில் பருப்பும் லேசில் வேகாது. பருப்புப் பாயசப் பிரியர்கள் கவனிக்கவும். தித்திப்புக்கென்று ஒரு கேன் நல்ல தண்ணீர் வாங்கினோம். இருபது லிட்டரில் பாதிகூடச் செலவாகவில்லை.

விடைபெறுபவர்களுக்கு ரவா லாடு. ஒரு கிலோ ரவைக்கு ஒரு கிலோ பொடித்த சர்க்கரை, உருக்கிய நெய் முந்நூறு நானூறு கிராம். ஐம்பது லாடுகளுக்குக் குறையாது. பால் தெளிக்காமல் நெய்யிலேயே பிடித்தால் ஒரு வாரம் கெடாது. அவற்றை வைக்க, பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகளை ஆயாவே வரவழைத்திருந்தார்.

கடைசிப் பந்தி எழுந்தபோது மணி மூன்றரை. எத்தனை இலை விழுந்தது என்று ஒருவரும் எண்ணவில்லை. பாயசத்தை மூன்று தடவை இளக்கினோம். எல்லோரும் போன பிறகு பெண்ணும் நானும் ஆயாவோடு உட்கார்ந்தோம். ஆயா கேசரியை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "கரிக்கல" என்றார்.