எட்டு கோர் இருந்தால் இரு மடங்கு வேகமா? கணினி வாங்கும் அரசுத் துறைகளுக்கு ஒரு பாடம்

புது தில்லி: நுகர்வோர் பாதுகாப்பு மசோதா 2019 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறியது. அதே மாதத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நுகர்வோர் தொடுத்த வழக்கு ஒன்று சமரசத்துக்கு வந்தது. "எட்டு கோர்" என்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட பிராசசரில் உண்மையிலேயே எட்டு கோர் உண்டா என்பதே அவ்வழக்கில் எழுந்த கேள்வி. மக்களின் வரிப்பணத்தில் மொத்தமாகக் கணினி வாங்கும் அரசுத் துறைகளும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி அது.

பிராசசருக்குள் கணக்குகளைச் செய்யும் தனித்தனிப் பகுதியே கோர் எனப்படுகிறது. ஒற்றைக் கோரின் வேகத்தை மேலும் கூட்ட முயன்றபோது வெப்பமும் மின்செலவும் கட்டுக்கடங்காமல் போயின. எனவே, இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் 2005-இல் இரண்டு கோர் கொண்ட மேசைக் கணினிப் பிராசசர்களை வெளியிட்டன. பின்னர் நான்கு, ஆறு, எட்டு என எண்ணிக்கை வளர்ந்தது. விளம்பரங்களிலும் அந்த எண்ணே முன்னிடம் பிடித்தது.

வழக்கின் பின்னணி

ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-8150 பிராசசர் 2011 அக்டோபரில் 245 டாலர் விலையில் வெளிவந்தது. அதன் எட்டு கோர்களும் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டிருந்தன. தசமக் கணக்குகளைச் செய்யும் பகுதி உள்ளிட்ட சிலவற்றை ஒவ்வோர் இணையும் பகிர்ந்துகொண்டது. இதனால் அவை முழுமையான எட்டு கோர் ஆகா என்பது வழக்குத் தொடுத்தோரின் வாதம். தவறு எதையும் ஒப்புக்கொள்ளாத அந்நிறுவனம், 1.21 கோடி டாலர் வழங்க இசைந்து வழக்கை முடித்துக்கொண்டது.

சோதனைகள் காட்டியது வேறோர் உண்மை. வீடியோ கோப்புகளை மாற்றுவது போன்ற, பல கோர்களுக்குப் பகிர்ந்தளிக்கக்கூடிய வேலைகளில் எஃப்எக்ஸ்-8150 ஈடுகொடுத்தது. ஒரே கோரை நம்பியுள்ள வேலைகளிலோ, 216 டாலருக்கு விற்ற இன்டெல்லின் நான்கு கோர் ஐ5-2500கே அதைத் தெளிவாக முந்தியது.

காரணம் புரியாத புதிரன்று. கணினி வல்லுநர் ஜீன் ஆம்டால் 1967-இலேயே இதை விளக்கியுள்ளார். ஒரு வேலையில் சரிபாதி ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாக வேண்டும் எனில், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் வேகம் இரு மடங்கைத் தாண்டாது. ஒரு கோப்பில் எட்டு அதிகாரிகள் வரிசையாகக் கையெழுத்திட வேண்டியிருந்தால், எண்மரையும் ஒரே அறையில் அமர்த்தினாலும் கோப்பு எட்டு மடங்கு வேகத்தில் நகராது அல்லவா?

விலையும் மதிப்பும்

விலை நிலவரமும் நிலையானதன்று. இன்டெல்லின் நான்கு கோர் க்யூ6600 பிராசசர் 2007 ஜனவரியில் 851 டாலர். அதே ஆண்டு ஜூலையில் 266 டாலர். இன்டெல்லின் எட்டு கோர் ஐ7-6900கே ஆயிரம் டாலருக்கு மேல் விற்றுவந்த நிலையில், 2017 மார்ச்சில் ஏஎம்டி தனது எட்டு கோர் ரைசன் 7 1800எக்ஸ் பிராசசரை 499 டாலருக்குக் கொண்டுவந்தது. போட்டி இருந்தால் வாங்குவோருக்கு ஆதாயம். ஒரே நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு டெண்டர் கோரினால் அந்த ஆதாயம் கைநழுவிவிடும்.

இதற்கான விதி ஏற்கெனவே உள்ளது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகளில் 144-ஆவது விதி, வாங்கும் பொருளின் விவரக்குறிப்பு செயல்பாட்டை அடிப்படையாகக் கொண்டதாகவும் அளந்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட வணிகப் பெயரைக் கோரலாகாது என்றும் அறிவுறுத்துகிறது. கோர் எண்ணிக்கையும் பிராசசரின் பெயரும் மட்டும் செயல்திறனின் அளவுகோலாகிவிடாது. கடிதம் தட்டச்சு செய்யும் மேசைக்கும், புள்ளிவிவரங்களை அலசும் மேசைக்கும் தேவை வேறு வேறு.

ஆயுட்காலமும் கணக்கில் வர வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிவுற்றது. 2015-இல் வெளியான நான்கு கோர் ஐ7-6700, அலுவலக வேலைகளுக்கு இன்றும் போதுமானதே. ஆயினும், விண்டோஸ் 11-க்கு ஏற்ற பிராசசர்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. திறன் குன்றாத பிராசசரும் மென்பொருள் நிறுவனத்தின் முடிவால் மதிப்பிழக்க நேரிடும் என்பதற்கு இதுவே சான்று.

தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் வகை செய்கிறது. ஆனால், அது விற்பனைக்குப் பின் வரும் பரிகாரம். ஒரு கோரின் வேகம் என்ன, நம் வேலையில் எல்லா கோர்களும் சேர்ந்து எவ்வளவு விரைவாகச் செயல்படுகின்றன, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்ற பின்னரே கொள்முதல் ஆணையில் கையெழுத்திட வேண்டும். பொதுப்பணத்துக்கு அதுவே முதல் பாதுகாப்பு.