வீட்டுத் தொட்டியில் மீனுக்கு நோய் வந்தால்...



கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் விநியோகம் என்றே எழுதிவரும் இவ்விதழில் மீன் தொட்டி பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பெருநாள் காசில் வாங்கிய தங்கமீன்கள் ஒரு வாரத்துக்குள் இறந்துபோன வருத்தத்தில், மக்தப் சிறுவன் ஒருவன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். "நான்தான் அதைக் கொன்னுட்டேனா? எனக்குப் பாவமா?" என்று கேட்டான். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அறக்கட்டளையின் வாசிப்பறைத் தொட்டியில் இருந்த மீன்களை, சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் நாங்களே ஒரே நாளில் இழந்திருக்கிறோம்.

பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் கொடுக்காமல் தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகத் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சிட்டுக்குருவி இறந்தபோது அவரிடம் பரிவோடு விசாரித்ததும் அவர்கள்தாம். வளர்ப்பதற்கு அனுமதி உண்டு. அதன் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று உலமாக்கள் இவற்றிலிருந்து விளக்குவார்கள். தொட்டிக்குள் இருக்கும் மீனால் வேறு தண்ணீர் தேடிப் போக முடியாது. அது நம்மிடம் உள்ள அமானிதம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மீன் சோர்ந்தால் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். பெரும்பாலும் நோய் மீனில் தொடங்குவதில்லை, தண்ணீரில் தொடங்குகிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்குபோல் இருக்கும்போதே செவுளை எரிக்கும். பில்டரிலும் கற்களிலும் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். முதல் நாளே ஐந்தாறு மீன்களை விட்டால், அவை தம் கழிவாலேயே நஞ்சேறிச் சாகின்றன. அந்தச் சிறுவன் வீட்டில் நடந்தது இதுதான்.

நாங்கள் செய்த பிழை வேறு. தண்ணீர் முழுவதையும் கொட்டி, பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினோம். நல்ல பாக்டீரியாவும் போயிற்று. குழாய்த் தண்ணீரின் குளோரினும் சேர்ந்துகொண்டது.

உடனே செய்ய வேண்டியவை

1. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறும். அவசரமென்றால், மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேருங்கள். புதுத் தண்ணீர் தொட்டித் தண்ணீரின் அதே சூட்டில் இருக்கட்டும்.
2. ஒரு நாள், இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் அதைத் தாங்கும். பிறகு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள்.
3. காற்றுப் பம்பை ஓடவிடுங்கள். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. நம் ஊர்க் கோடையில் இது முக்கியம்.
4. பில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

அறிகுறிகள்

எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால், பிராணவாயுக் குறைவு அல்லது அம்மோனியா என்று கொள்ளுங்கள். மேற்சொன்ன நான்கும்தான் வைத்தியம்.

துடுப்பின் ஓரம் கிழிந்து வெளுத்தால் அது துடுப்பு அழுகல். ஆரம்ப நிலையில் தண்ணீரைச் சுத்தமாக வைத்தாலே பெரும்பாலும் ஆறும்.

உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, மீன் கற்களில் உரசினால், அது ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்புள்ளி நோய். ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அது கீழே விழுந்து பெருகி, குஞ்சுகள் தண்ணீரில் நீந்தும்போதுதான் மருந்து கொல்லும். ஆகவே புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல் இன்னும் ஒரு வாரம் தொடர வேண்டும். தங்கமீனுக்குக் கல்லுப்பே போதுமான முதலுதவி: லிட்டருக்கு 1 கிராம், மறுநாள் இன்னும் 1 கிராம், தனியே கரைத்து மெல்ல ஊற்றுங்கள். தொட்டியின் நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 45, 30, 30 என்றால் ஏறக்குறைய 40 லிட்டர். தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டுமே உப்புச் சேருங்கள். செடிகளை முன்பே எடுத்துவிடுங்கள். செதில் இல்லாத கெளுத்தி வகைகளுக்கு இந்த உப்பு ஆகாது.

செய்யக் கூடாதவை

வீட்டில் மிஞ்சிய ஆண்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். அது நல்ல பாக்டீரியாவையும் கொல்லக்கூடும். நோயுற்ற மீனையோ, வேண்டாத மீனையோ ஏரி, குளத்தில் விடாதீர்கள். இப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்குகின்றன. கையில் காயத்தோடு தொட்டிக்குள் கைவிடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பால் கழுவுங்கள். இரண்டு மூன்று நாளில் தேறாவிட்டால் கால்நடை மருத்துவரையோ, மீன்வளக் கல்லூரியையோ கேளுங்கள். இறந்த மீனை மண்ணில் புதையுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, நீ தெரியாமல் செய்தாய். நாங்களும்தான். இனி இருவருக்கும் தெரியும். தெரிந்த பிறகு அலட்சியமாக இருந்தால்தான் கேள்வி." தொட்டியைத் தயார் செய்துவிட்டு, ஒரு மாதம் பொறுத்து, இரண்டே மீன் வாங்குவதாகச் சொல்லிப் போனான்.

பெற்றோரே, பிள்ளைக்கு மீன் வாங்கித் தருமுன் தண்ணீரைத் தயார் செய்யுங்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்கு மன்னிப்பை அளித்த ரப்பு, இந்தச் சிறு உயிரின் மீது நாம் காட்டும் இரக்கத்தையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

— செயலாளர்