கடைக்குள்ளேயே ஒரு கிளவுட்

கம்ப்யூட்டர் வாங்கிக் கணக்கு எழுதத் தொடங்கும் சிறு வியாபாரிகள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி, "பைல்களை எங்கே வைப்பது?" என்பதுதான். கூகுள் டிரைவ் போன்ற கிளவுட் சேவைகளில் வைக்கலாம். அதே வசதியை உங்கள் கடையிலேயே நீங்கள் அமைத்துக்கொள்ளவும் முடியும். இதனைப் பிரைவேட் கிளவுட் என அழைக்கின்றனர்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊரான உத்திரமேரூரில் உறவினர் ஒருவரின் உரக்கடையில் இதனை அமைத்துக் கொடுத்தேன். பில் போடும் இடம், கணக்குப் பார்ப்பவர் மேஜை, குடோன் என அங்கு மூன்று கம்ப்யூட்டர்கள். ஸ்டாக் பட்டியல் பென் டிரைவில்தான் பயணம் செய்து வந்தது. ஒரே பெயரில் மூன்று எக்ஸெல் பைல்கள். எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

என்ன தேவை?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாஸ் எனப்படும் பெட்டி. ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்தி ரவுட்டருடன் இணைத்தால் போதும். மற்றொன்று, பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத கம்ப்யூட்டர் உங்களிடம் இருந்தால், அதில் உபுண்டு லினக்ஸும் நெக்ஸ்ட்கிளவுட் புரோகிராமும் பதிந்து சர்வராக்கலாம். 2016ல் தொடங்கப்பட்ட நெக்ஸ்ட்கிளவுட் இலவசமாகக் கிடைக்கிறது. மொபைல் போனிலும் இயங்கும்.

என்ன லாபம்? இன்டர்நெட் இல்லாவிட்டாலும் கடைக்குள் வேலை நடக்கும். வேகமும் அதிகம். நொடிக்கு 10 மெகாபிட் அப்லோட் வேகத்தில் 1 ஜிபி பைலை இன்டர்நெட்டில் ஏற்ற 13 நிமிடத்திற்கு மேல் ஆகும். கிகாபிட் கேபிளில் சுமார் 10 நொடிதான்.

டேலி பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்கவும். டேலியின் டேட்டா போல்டரை நெக்ஸ்ட்கிளவுட் சிங்க் போல்டருக்குள் வைத்து இருவர் திறந்தால் கணக்கு குழம்பிவிடும். டேலி தரும் பேக்கப் பைலை மட்டும் அதில் வையுங்கள்.

பெட்டி மட்டும் போதுமா?

போதாது. நாஸ் பெட்டியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் பதியும்படி அமைக்கலாம். ஒரு டிஸ்க் பழுதானால் இது காப்பாற்றும். ஆனால் பைலைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். தீ, வெள்ளம், திருட்டு வந்தால் இரண்டுமே போய்விடும்.

தென்கொரியாவின் டேஜியோன் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பைல்களைச் சேமித்த ஜி-டிரைவ் அழிந்தது. 858 டெராபைட் தகவல்! வெளியே வேறு நகல் இல்லை. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் 1,100 ஆண்டுகள் தாண்டி நிற்கின்றன. ஹார்ட் டிஸ்க் கல்வெட்டு அல்ல.

எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்திடவும்.

1. இரண்டு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி பேக்கப் எடுங்கள். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பாஸ்வேர்ட் கொண்டு பூட்டி வையுங்கள்.

2. சர்வருக்கும் ரவுட்டருக்கும் யு.பி.எஸ். அவசியம்.

3. ரவுட்டரில் போர்ட் திறந்து சர்வரை நேரடியாக இன்டர்நெட்டில் விடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ், அப்படி விடப்பட்டிருந்த கியூநாப் நாஸ் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. வெளியிலிருந்து பார்க்க வி.பி.என். பயன்படுத்தவும். அப்டேட்களைத் தள்ளிப்போட வேண்டாம்.

4. மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு பைலை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.